மூன்று பிரதிச் சீட்டு முதல் கணினிப் பதிவேடு வரை: அமெரிக்காவின் மருந்துச் சீட்டுக் கண்காணிப்புச் சட்டங்கள்

முன்னுரை

மருத்துவர் ஒரு சீட்டு எழுதுகிறார். நோயாளி அதை மருந்துக் கடையில் நீட்டுகிறார். மாத்திரை கைக்கு வருகிறது. பெரும்பாலான மருந்துகளுக்குக் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் அமெரிக்காவில் மார்ஃபின், ஆக்ஸிகோடோன் போன்ற மருந்துகளுக்கு அப்படி முடிவதில்லை. எழுதியவர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை, எந்தத் தேதி என்ற விவரமெல்லாம் மாநில அரசின் பதிவேட்டுக்குப் போய்ச் சேர்கிறது. அடுத்த முறை அதே நோயாளி வேறொரு மருத்துவரிடம் போனால், அந்த மருத்துவர் பழைய கணக்கைக் கணினியில் பார்த்துவிடலாம்.

இந்த ஏற்பாடு கணினி வந்த பிறகு தோன்றியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு நூறு வயது தாண்டிவிட்டது! காகிதத்தில் தொடங்கி, உச்ச நீதிமன்றம் வரை போய், பணம் இல்லாமல் தவித்து, ஒரு பெரும் மருந்துக் கொள்ளைநோயின் நடுவே வளர்ந்த வரலாறு இது. ஒரு விவரத்தை எழுதி வைப்பதும், எழுதி வைத்ததை எடுத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

தொடக்கம்: 1914, 1918

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அபின், மார்ஃபின், கொக்கெய்ன் எல்லாம் கடையில் சாதாரணமாகக் கிடைத்தன. இருமல் மருந்திலும் குழந்தைகளுக்கான மருந்திலும்கூட அபின் கலந்திருந்தது. இதற்குக் கடிவாளம் போட வந்ததுதான் 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டம். டிசம்பர் 17 அன்று அதிபர் உட்ரோ வில்சன் அதில் கையெழுத்திட்டார். பெயரளவில் அது ஒரு வரிச் சட்டம். மருத்துவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் அரசிடம் பதிவு செய்துகொண்டு வரி கட்ட வேண்டும், கணக்கு வைத்திருக்க வேண்டும் என்றது.

ஏன் வரிச் சட்டமாக வந்தது? அமெரிக்க அரசியலமைப்பின்படி மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் வேலை. மத்திய அரசு அதில் நேரடியாகக் கை வைக்க முடியாது என்பதே அன்றைய கருத்து. அதனால் வரி என்ற பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். மருந்துச் சீட்டுக் கண்காணிப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு வளர்ந்ததற்கும் மூல காரணம் இதுதான்.

ஹாரிசன் சட்டத்தில் கணக்கு கடையிலேயே கிடந்தது. அதிகாரி வந்து கேட்டால்தான் வெளியே வரும். இதற்கு ஒரு படி மேலே போனது நியூயார்க் மாநிலம். 1918இல் கொக்கெய்ன், கோடீன், ஹெராயின், மார்ஃபின், அபின் ஆகியவற்றை, அரசு அச்சிட்டுத் தரும் வரிசை எண் போட்ட சீட்டில் மட்டுமே எழுத வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். மருந்து கொடுத்த 24 மணி நேரத்துக்குள் கடைக்காரர் ஒரு பிரதியை அரசுக்கு அனுப்ப வேண்டும். இன்றைய கண்காணிப்புத் திட்டங்களின் கொள்ளுப் பாட்டி இந்தச் சட்டம்தான். ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1921இல், அது ரத்து செய்யப்பட்டது.

கார்பன் பேப்பர் காலம்

அடுத்து வந்தது கலிஃபோர்னியா. 1939இல் அங்கே மூன்று பிரதிச் சீட்டு முறை தொடங்கியது. ஒரு பிரதி மருத்துவரிடம், ஒன்று மருந்துக் கடையில், மூன்றாவது மாநில அரசின் போதைப்பொருள் தடுப்புப் பிரிவுக்கு. 1943இல் ஹவாய், 1961இல் இல்லினாய்ஸ், 1967இல் ஐடஹோ என்று இது மெதுவாகப் பரவியது.

1970இல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு பொதுவான அளவுகோலைத் தந்தது. போதைக்கு அடிமையாக்கும் ஆபத்தையும் மருத்துவப் பயனையும் வைத்து மருந்துகளை ஐந்து பட்டியல்களாக அது பிரித்தது. முதல் பட்டியலில் இருப்பதைச் சீட்டில் எழுதவே கூடாது. இரண்டாம் பட்டியலில் இருப்பவை மருத்துவத்துக்குத் தேவையானவை, ஆனால் மிக ஆபத்தானவை. மார்ஃபின், ஆக்ஸிகோடோன் எல்லாம் இதில்தான் வரும். மாநிலங்களின் கண்காணிப்பும் பெரும்பாலும் இந்த இரண்டாம் பட்டியலைச் சுற்றியே அமைந்தது.

வேலன் எதிர் ரோ: முள்வேலிக்குள் ஒரு கணினி

1972இல் நியூயார்க் மீண்டும் களத்தில் இறங்கியது. இரண்டாம் பட்டியல் மருந்துகளுக்கு மூன்று பிரதிச் சீட்டு கட்டாயம். மூன்றாவது பிரதி தலைநகர் ஆல்பனியில் உள்ள சுகாதாரத் துறைக்குப் போகும். அங்கே நோயாளியின் பெயர், முகவரி, வயது உட்பட எல்லாம் கணினியில் ஏறும். மாதம் சுமார் ஒரு லட்சம் சீட்டுகள் வந்து குவிந்தன.

சில நோயாளிகளும் மருத்துவர்களும் வழக்குப் போட்டார்கள். "நாங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பது அரசுக்கு எதற்கு? இது வெளியே கசிந்தால் போதை அடிமை என்று முத்திரை குத்திவிடுவார்களே!" என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். இந்தப் பயத்தால் சிலர் தேவையான மருந்தையே தவிர்த்தார்கள் என்பதும் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. கீழ் நீதிமன்றம் இவர்கள் பக்கம் நின்றது.

உச்ச நீதிமன்றம் 1977 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பு சொன்னது. நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பு, எல்லா நீதிபதிகளும் ஒருமனதாக மாநிலத்தின் பக்கம். தீர்ப்பில் பாதுகாப்பு ஏற்பாடுகளை விவரித்த இடம் சுவையானது. சீட்டுகள் வரும் அறையைச் சுற்றிப் பூட்டிய கம்பி வேலி, அபாய மணி. காந்த நாடாக்கள் பூட்டிய அலமாரியில். கணினி ஓடும்போது வெளியிலிருந்து எந்த முனையமும் அதனுடன் பேச முடியாது. ஐந்து ஆண்டுகள் கழித்துச் சீட்டுகளை அழித்துவிட வேண்டும். இவ்வளவு கவனம் இருப்பதால் இந்தச் சட்டம் அந்தரங்க உரிமையை மீறவில்லை என்றது நீதிமன்றம். அதே சமயம், கணினிகளில் குவியும் தனிமனித விவரங்கள் ஓர் ஆபத்து என்பதை மறுக்கவில்லை என்றும் எழுதி வைத்தது.

தீர்ப்பில் இன்னொரு தகவலும் உண்டு. திட்டம் தொடங்கி 20 மாதங்களில், ஒரு குறிப்பிட்ட நோயாளி அளவுக்கு மீறி வாங்கியதை விசாரிக்க இந்தப் பதிவுகள் உதவியது இரண்டே முறைதான்! மாதம் ஒரு லட்சம் சீட்டு எங்கே, இரண்டு விசாரணை எங்கே? ஆனாலும் மாநிலம் புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்க உரிமை உள்ளது என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. இந்தத் தீர்ப்பு போட்ட பாதையில்தான் பின்னால் வந்த எல்லாத் திட்டங்களும் நடந்தன.

காகிதத்தின் பயம்

பதிவுகளை யாரும் அதிகம் பார்க்கவில்லை என்றால் இந்த முறையால் பயனே இல்லையா? இல்லை. அங்கேதான் வேடிக்கை இருக்கிறது. சிறப்புச் சீட்டுப் புத்தகத்தை அரசிடம் கேட்டு வாங்க வேண்டும், ஒவ்வொரு சீட்டும் அரசுக்குப் போகும் என்ற எண்ணமே மருத்துவரின் கையைச் சற்று நிறுத்திவிடும். "இந்த மருந்து உண்மையிலேயே வேண்டுமா?" என்ற யோசனை அந்த இடைவெளியில் பிறக்கும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1989இல் நியூயார்க், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் பென்சோடயசெபின் வகை மருந்துகளையும் மூன்று பிரதிச் சீட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த மருந்துகளின் சீட்டுகள் சடாரென்று குறைந்தன. ஆனால் அவற்றுக்குப் பதிலாக மெப்ரோபமேட் போன்ற பழைய, ஆபத்து அதிகமான மருந்துகள் எழுதப்படுவது கூடியது. ஒரு கதவை அடைத்தால் கூட்டம் அடுத்த கதவைத் தேடும் என்பதற்கு முதல் எச்சரிக்கை இது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1990களின் தொடக்கத்தில் ஓக்லஹோமா காகிதத்தை விட்டுவிட்டு மின்னணு முறைக்கு மாறியது. கடைக்காரர் விற்பனை விவரத்தைக் கணினி வழியே அனுப்பினால் போதும். செலவு குறைவு, மருத்துவருக்குத் தனிச் சீட்டுப் புத்தகம் வேண்டாம். மற்ற மாநிலங்களுக்கும் இது பிடித்துப்போனது. ஆனால் காகிதம் போனபோது, கையை நிறுத்திய அந்தச் சின்னத் தடையும் கூடவே போய்விட்டது.

ஆக்ஸிகான்டின் வருகை

1996இல் பர்டியூ ஃபார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற வலி நிவாரணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது ஆக்ஸிகோடோன். மெதுவாகக் கரைவதால் அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றார்கள். மாத்திரையை நொறுக்கினால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறிவிடும் என்பதை மக்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். 2007இல் அந்த நிறுவனத்தின் துணை நிறுவனமும் மூன்று உயர் அதிகாரிகளும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். ஆனால் அதற்குள் பதினோரு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த மருந்து வந்த சமயத்தில் கலிஃபோர்னியா, ஐடஹோ, இல்லினாய்ஸ், நியூயார்க், டெக்சாஸ் ஆகிய ஐந்து மாநிலங்களில் மூன்று பிரதிச் சீட்டு முறை இருந்தது. 2022இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு இந்த ஐந்தையும் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டது. தொடக்க ஆண்டுகளில் இந்த ஐந்து மாநிலங்களில் ஆக்ஸிகான்டின் விநியோகம் மற்ற இடங்களைவிடச் சுமார் பாதிதான். இந்தச் சீட்டு முறை விற்பனைக்குத் தடை என்று நிறுவனமே தன் உள் ஆவணங்களில் குறித்திருந்தது. அதனால் அங்கே விளம்பரத்தையும் குறைத்துக்கொண்டது. 2000களின் நடுப்பகுதிக்குள் இந்த மாநிலங்களும் அந்த முறையைக் கைவிட்டுவிட்டன. இருந்தும், அளவுமீறிய மருந்தால் ஏற்படும் மரணங்கள் அங்கே மெதுவாகவே கூடின.

பழசு, தொல்லை, செலவு என்று ஒதுக்கப்பட்ட கார்பன் பேப்பர் முறை, யாரும் திட்டமிடாமலே ஆயிரக்கணக்கான உயிர்களுக்குக் காவலாக இருந்திருக்கிறது!

கென்டக்கி காட்டிய வழி

ஆக்ஸிகான்டின் கடுமையாகத் தாக்கிய இடங்களில் ஒன்று கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதி. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி. முதுகு வலியும் மூட்டு வலியும் சுரங்க வேலையோடு வருபவை. வலி மாத்திரைக்கு அங்கே பஞ்சமில்லை. 1999இல் கென்டக்கி, காஸ்பர் என்ற மின்னணுத் திட்டத்தைத் தொடங்கியது. முன்பெல்லாம் ஒருவர் டாக்டர் மாற்றி டாக்டராக ஏறி இறங்கிச் சீட்டு வாங்குகிறாரா என்று விசாரிக்கச் சராசரி 156 நாட்கள் ஆகும். அதிகாரிகள் கடை கடையாகப் போக வேண்டும். காஸ்பர் வந்த பிறகு அது 16 நாட்களாகக் குறைந்தது. ஆனால் கென்டக்கியில் கெடுபிடி கூடியதும் ஆட்கள் பக்கத்து மாநிலங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். 2002இல் நாட்டில் 15 மாநிலங்களில்தான் இத்தகைய திட்டம் இருந்தது. எல்லை தாண்டினால் போதும், கணக்கு புதிதாகத் தொடங்கும்.

இதனால்தான் மத்திய அரசு தலையிட வேண்டியதாயிற்று. கென்டக்கியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஹால் ரோஜர்ஸ் முயற்சியால், 2002ஆம் நிதியாண்டில் நீதித்துறை வழியாக மாநிலங்களுக்கு நிதி தரும் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டு ஒதுக்கீடு 20 லட்சம் டாலர்.

அதே கென்டக்கியிலிருந்து இன்னொரு முயற்சியும் கிளம்பியது. படூக்கா நகரில் வலி மருத்துவராக இருந்த, இந்தியாவில் பிறந்த லட்சுமையா மஞ்சிகண்டியும் அவர் நிறுவிய வலி மருத்துவர் சங்கமும் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் எட் விட்ஃபீல்ட் மசோதாவைக் கொண்டுவந்தார். 2005 ஆகஸ்ட் 11 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட, நாஸ்பர் என்ற சட்டம் பிறந்தது.

நாஸ்பர் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. திட்டம் தொடங்கினால் நிதி தருகிறோம், ஆனால் சில பொதுத் தரங்களைப் பின்பற்றி, அண்டை மாநிலங்களோடு விவரம் பகிர வேண்டும் என்றது. முக்கியமாக, நிதி சுகாதாரத் துறை வழியாக வரும். இது காவல்துறைக் கருவியா, மருத்துவக் கருவியா என்ற கேள்விக்கு நாஸ்பரின் பதில், மருத்துவக் கருவி என்பதே.

சட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு 6 கோடி டாலர் வரை ஒதுக்கலாம் என்றது. உண்மையில் வந்தது எவ்வளவு? முதல் மூன்று ஆண்டுகள் ஒரு காசுகூட இல்லை. 2009இலும் 2010இலும் தலா 20 லட்சம் டாலர். அவ்வளவுதான்! ரோஜர்ஸ் திட்டம் ஏற்கனவே இருக்கிறதே, இரண்டு எதற்கு என்ற வாதம் எழுந்ததும் இதற்கு ஒரு காரணம்.

ஃப்ளோரிடா: திறந்து கிடந்த கதவு

திட்டம் இல்லாத பெரிய மாநிலம் ஃப்ளோரிடா. வலி மருத்துவமனை என்று பலகை மாட்டிய இடங்களில் மருத்துவரே மாத்திரையை நேரடியாக விற்றார். ரொக்கம் கொடுத்தால் போதும். கென்டக்கியிலிருந்தும் மேற்கு வர்ஜீனியாவிலிருந்தும் ஆட்கள் கார் கட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தார்கள். 2010இல் நாட்டிலேயே அதிகமாக ஆக்ஸிகோடோனை நேரடியாக விற்ற 100 மருத்துவர்களில் 98 பேர் ஃப்ளோரிடாவில் இருந்தார்கள்.

2009இல் அங்கே கண்காணிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் மாநிலக் கஜானாவிலிருந்து பணம் தரமாட்டோம், மானியத்திலும் நன்கொடையிலும் நடத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். 2011இல் புதிதாக வந்த ஆளுநர் ரிக் ஸ்காட், அந்தரங்க உரிமையைக் காரணம் காட்டித் திட்டத்தையே ரத்து செய்ய முனைந்தார். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. திட்டத்துக்கு 10 லட்சம் டாலர் தருகிறோம் என்று பர்டியூ ஃபார்மாவே முன்வந்தது ஒரு முரண். கடைசியில் ஸ்காட் இறங்கி வந்தார். அந்த ஆண்டு இறுதிக்குள் திட்டம் செயலுக்கு வந்தது. மருத்துவர்கள் இந்த மருந்துகளை நேரடியாக விற்பதும் தடை செய்யப்பட்டது. 2010க்கும் 2012க்கும் இடையே ஆக்ஸிகோடோன் மரண விகிதம் பாதிக்கும் மேல் குறைந்தது.

பார்த்தே ஆக வேண்டும்

2010 வாக்கில் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் வந்துவிட்டது. கணினியில் விவரமும் இருந்தது. ஆனால் மருத்துவர்கள் பார்த்தார்களா? பெரும்பாலும் இல்லை. நேரமில்லை, கடவுச்சொல் மறந்துபோனது, கட்டாயம் இல்லை.

2012இல் கென்டக்கி, சீட்டு எழுதும் முன் பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் செய்தது. நியூயார்க்கும் டென்னசியும் 2013இல் அதை நடைமுறைப்படுத்தின. 2018இல் வெளியான ஓர் ஆய்வு முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் கணக்குகளை அலசியது. பதிவேடு மட்டும் இருந்த மாநிலங்களில் பல மருத்துவர்களிடம் சீட்டு வாங்கும் பழக்கம் குறையவில்லை. பார்ப்பது கட்டாயமான மாநிலங்களில் குறைந்தது. 2018 அக்டோபரில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்து மருத்துவர்களுக்கு 2021 அக்டோபர் முதல் இதைக் கட்டாயமாக்கியது.

கடைசியாக வந்த மாநிலம் மிசௌரி. அங்கே மாநில மேலவை உறுப்பினரும் மருத்துவருமான ராப் ஷாஃப், அந்தரங்க உரிமையை முன்வைத்துப் பல ஆண்டுகள் மசோதாவைத் தடுத்தார். பொறுத்துப் பார்த்த செயின்ட் லூயிஸ் கவுன்ட்டி 2017இல் தானே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மற்ற கவுன்ட்டிகளும் அதில் சேர்ந்தன. மாநிலச் சட்டம் 2021 ஜூனில் வந்து, 2023 டிசம்பரில் செயலுக்கு வந்தது.

பயந்தது நடந்ததா?

மிசௌரிக்காரர்களின் பயம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. 2009 ஏப்ரலில் வர்ஜீனியா மாநிலத்தின் பதிவேட்டு இணையதளத்தை ஒருவர் உடைத்து, 80 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, ஒரு கோடி டாலர் கேட்டு முகப்பிலேயே மிரட்டல் எழுதி வைத்தார். அதன் பிறகு மாநிலம் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. 1977இல் நீதிமன்றம் நம்பியது கம்பி வேலியையும் பூட்டிய அலமாரியையும். இணையத்துக்கு வேலி ஏது?

அடுத்த பயம் நோயாளிகளைப் பற்றியது. 2012இல் நாடு முழுவதும் ஓபியாய்டு வலி மருந்துச் சீட்டுகள் 25 கோடிக்கும் மேல். 2020இல் அது சுமார் 14 கோடி. எண்ணிக்கை குறைந்தது நல்லதுதான். ஆனால் விசாரணைக்குப் பயந்த சில மருத்துவர்கள், நெடுநாள் நோயாளிகளின் மருந்தைத் திடீரென்று நிறுத்தினார்கள். இப்படி நிறுத்துவது தற்கொலை வரை கொண்டுபோகலாம் என்று 2019இல் மத்திய மருந்து நிர்வாகமே எச்சரித்தது.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. 2010இல் ஆக்ஸிகான்டின் எளிதில் நொறுங்காதபடி மாற்றப்பட்டது, சீட்டு கிடைப்பதும் கடினமானது. ஏற்கனவே அடிமையானவர்களில் பலர் ஹெராயினுக்குப் போனார்கள். 2013க்குப் பிறகு கள்ளச் சந்தையில் ஃபென்டனில் புகுந்தது. 2012இல் அளவுமீறிய மருந்தால் இறந்தவர்கள் சுமார் 41,500 பேர். 2021இல் 1,06,000க்கும் மேல். ஃபென்டனில் விற்பவன் எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. 1989இல் நியூயார்க்கில் தெரிந்த அந்தச் சின்ன எச்சரிக்கை, இம்முறை பிணக்குவியலாக வந்து நின்றது. 2024இல் மரணங்கள் சுமார் 80 ஆயிரமாகக் குறைந்தது ஓர் ஆறுதல்.

முடிவுரை

மருந்துச் சீட்டுக் கண்காணிப்புச் சட்டங்கள் வெற்றியா தோல்வியா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. அடிமைத்தனம் தொடங்கும் முன்பே இருந்த மூன்று பிரதிச் சீட்டு, யாரும் படிக்காவிட்டாலும் காப்பாற்றியது. ஏனென்றால் அது முதல் மாத்திரைக்கு முன்னால் நின்றது. பிறகு வந்த நவீனக் கணினிகள், பார்ப்பது கட்டாயமாகும் வரை பெரும்பாலும் தூங்கின. கட்டாயம் வந்த நேரத்தில் பல லட்சம் பேர் அடிமையாகிவிட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது கண்காணிப்பு அல்ல, சிகிச்சை.

பதிவேட்டில் ஒரு நோயாளியின் பெயருக்கு எதிரே பத்து மருத்துவர்கள் தெரிந்தால், அவரை வெளியே அனுப்பலாம், உட்கார வைத்துச் சிகிச்சை தரலாம். எதைச் செய்ய வேண்டும் என்று கணினி சொல்லாது. எதிரே இருக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைச் சரியாக எடுக்க அவருக்குத் துணை நிற்கும் சட்டமே முழுமையான சட்டம். நூறு ஆண்டுகள் ஆகியும் அது இன்னும் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.